பத்துச் சொட்டு இரும்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று பாப்பா ஒரு கிலோ இருநூற்றுத் தொண்ணூறு. நேற்றைவிட முப்பது கிராம் கூடுதல். பால் சொசைட்டியில் முப்பது கிராமை யாரும் மதிக்க மாட்டார்கள். கேனின் அடியில் ஒட்டிக்கொண்டு போகிற பால் அது. இங்கே அந்த முப்பது கிராமைச் சொல்வதற்காக இரண்டு மாடி இறங்கி, வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த இவரிடம் போய்விட்டு வந்தேன்.

இந்த டைரியும் இவர் கொண்டுவந்ததுதான். மாட்டுத்தீவனக் கடைக்காரர் சொசைட்டிக்கு இலவசமாகக் கொடுத்தது. அட்டையில் ஒரு ஜெர்சி மாடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "சும்மா ஒக்காந்துக்கினு அழுவுறதுக்கு பதிலா எதனா எழுது" என்றார். முதல் வாரம் அழுததோடு சரி, இப்போது எங்கே அழுகிறேன்?

முதல் பக்கத்தில் என்னென்னவோ கேட்டிருக்கிறது. நிரப்பிவிட்டேன். பெயர்: இசைவாணி. தொழில்: ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டர். தற்போதைய முகவரி: விழுப்புரம், ஆஸ்பத்திரி, தாய்மார் வார்டு, ஆறாம் நம்பர் கட்டில். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்: தென்னரசு, கணவர், டாடா ஏஸ் ஓட்டுநர். அவசரம் என்றால் முதலில் பதறுகிறவரே அவர்தான் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

பாப்பாவுக்கு இன்னும் பெயர் இல்லை. மாட்டுப் பொங்கலன்று, பத்து வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். ஊரில் மாட்டுக்கெல்லாம் கொம்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த நேரம். அன்று ஒரு கிலோ இருநூற்றுப் பத்து. இவர் "ஒண்ணேகா லிட்டரு" என்று கூப்பிடுகிறார். பால் கணக்கில் அதுகூட வராது. சொன்னால் கோபித்துக்கொள்வார்.

பிப்ரவரி 5

எங்கள் பாப்பா காபி குடிக்கிறாள்! விளையாட்டில்லை. இத்தனை சீக்கிரம் பிறந்த குழந்தைகள் தூக்கத்தில் மூச்சுவிட மறந்துபோவார்களாம். இவளும் மறக்கிறாள். மெஷின் கத்தும், சிஸ்டர் வந்து பாதத்தைச் சுண்டிவிடுவார், "அட, ஆமாம்" என்பதுபோல மறுபடி ஆரம்பிப்பாள். அதற்குக் கொடுக்கிற மருந்து காபியில் இருக்கிற அதே சத்துதானாம். காலையில் நாம் குடித்த காபி சாயங்காலத்துக்குள் இறங்கிப்போகும். இவள் உடம்பில் அதில் பாதி இறங்குவதற்கே நாலு நாள் ஆகும், அவ்வளவு பிஞ்சு ஈரல் என்றார் டாக்டர் கவிதா. அதனால் ஒரு பொட்டு கூடினாலும் கூடினதுதான், குறைந்தாலும் குறைந்ததுதான்.

இன்று அந்த மருந்தில் ஒரு கூத்து. கீழே மருந்தகத்தில் ஜெசிந்தா மேடம் என்று ஒருவர் இருக்கிறார். உருவம் குட்டை, குரல் நெட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு மார்க்கர். புதுச் சரக்கு வந்ததென்று அவரே மாடியேறி வந்து சிஸ்டர்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டார்.

"பழசுல ஒரு மில்லிக்கு இருவது மில்லிகிராம். இதுல பத்துதான். சார்ட்டுல மில்லிய மட்டும் பாத்துக்கினு ஊத்துனீங்கன்னா கொழந்தைக்குப் பாதி மருந்துதான் போவும். எத்தினி மில்லின்னு கேக்காதீங்க. எத்தினி மில்லிகிராம்னு கேளுங்க."

பாப்பாவின் சார்ட்டில் பாயிண்ட் நாலு மில்லியை அடித்துப் பாயிண்ட் எட்டு ஆக்கினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்ப இது தண்ணி கலந்த சரக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். முறைத்தார். பிறகு, "நீ இன்னா வேலம்மா பண்ற?" என்றார். பால் டெஸ்டர் என்றேன். சிரித்துவிட்டார்.

"அப்ப ஒனக்கு நான் சொல்லவே வேணாம்."

ஆமாம், எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். பதினோரு வருடமாக நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதே அதுதானே. ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தான், ஆனால் உள்ளே சத்து எத்தனை டிகிரி?

பிப்ரவரி 7

காலையிலிருந்து ஒருமுறைகூட மூச்சை மறக்கவில்லை. நல்ல காபி.

பிப்ரவரி 11

இரும்புச் சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். கடைசி இரண்டு மாதத்தில்தான் அம்மா வயிற்றிலிருந்து குழந்தை இரும்பை வாங்கி வைத்துக்கொள்ளுமாம். இவள் அதற்குள் கிளம்பி வந்துவிட்டாள், கட்டுச்சோறு கட்டாமல் பயணம் புறப்பட்டதுபோல. ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம். இவளுக்குப் பாயிண்ட் மூன்று. சின்ன சிரிஞ்சில் எடுத்து, பாலோடு, சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கலந்து கொடுக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தின் மூக்கைவிட இவள் வாய் சின்னது.

பக்கத்துக் கட்டில் ஃபர்ஹானா, கோட்டக்குப்பத்துப் பெண். இருபத்து மூன்று வயது. மகனுக்கு இன்னும் ஒரு கிலோ நூறு. கணவர் கலீல் ரஹ்மான் ஷார்ஜாவில் இருந்து நாளைக்கு நாலுமுறை வீடியோவில் வந்து மெஷினின் நம்பரை எல்லாம் படிக்கச் சொல்லுவார். "இவுருக்கு அங்க வேல வெட்டி இல்லியாக்கா?" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். அழைப்பு அரைமணி தாமதமானால் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜெசிந்தா மேடம் சொன்னது புரியவில்லை என்றாள். நான் ஆரம்பித்துவிட்டேன். "இதோ பாரு. ஒரு லிட்டரு எரும பாலு, ஒரு லிட்டரு தண்ணி ஊத்துன பாலு. சொம்பு ஒண்ணுதான். குடிக்கிற புள்ளைக்கு சத்து ஒண்ணா?" கண்ணை அகலமாக்கிக்கொண்டு தலையாட்டினாள். அப்புறம் கேட்டாள்: "இவ்ளோ சின்னக் கொழந்தைக்குன்னே தனியா மருந்து செய்ய மாட்டாங்களாக்கா?"

அந்த நேரம் பார்த்து வந்த ஜெசிந்தா மேடமே பதில் சொன்னார். "யாரு செய்றாங்க? பாதிக்கு மேல பெரிய கொழந்தைங்களுக்கு செஞ்சதுதான். நாங்கதான் கிள்ளிக் கிள்ளிக் குடுத்துக்கினு கெடக்குறோம்."

கிள்ளிக் கிள்ளி. சரியான சொல்.

பிப்ரவரி 24

வீடு! ஒரு கிலோ எழுநூறு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் காசு வாங்கினவரிடம் இவர் ஜன்னலை இறக்கி, "பொண்ணு, மொத தடவ ஊருக்கு வருது" என்றார். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்த அடியில் பாப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூச்சை மறக்கவில்லை. அந்த மருந்தை நிறுத்தியே பத்து நாள் ஆகிறது.

இரும்பு பாயிண்ட் நாலு. வைட்டமின் சொட்டு ஒரு மில்லி. இரண்டையும் நானே அளந்து கொடுக்கிறேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மார்ச் 1

சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற குப்பம்மாள் அக்கா வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம் வரிசையில் அத்தனை பேர் முன்னால் அவள் பாலில், தண்ணீர் கலந்தால் காட்டிக்கொடுக்கிற லாக்டோமீட்டரை விட்டு, "இருவத்தி ரெண்டு" என்று உரக்கச் சொன்னவள் நான். நல்ல பால் என்றால் இருபத்தெட்டாவது நிற்க வேண்டும். "எம் மாடு தண்ணி நெறைய குடிக்குதுடி" என்று சாதித்தாள். கையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவாள் என்றுகூட நினைத்தேன்.

இன்று மல்லாட்டை உருண்டையோடு, அதான் கடலை உருண்டையோடு, வந்தாள். "பாலு ஊறும், துன்னு" என்று வைத்துவிட்டு, பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் மருந்து கொடுப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பாதி மருந்து கடைவாயில் வழிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு, "டீத்தண்ணி கணக்கா கீது. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள்.

"ஒம் பாலவிட கெட்டிதான்க்கா" என்றேன். சிரித்துவிட்டாள். ஆனால் உருண்டையில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 10

விழுப்புரம் போய்வந்தோம். இரண்டு கிலோ நூறு! இரும்பைப் பாயிண்ட் ஐந்தாக ஏற்றினார்கள்.

ஒரு தொல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிரிஞ்சை தினமும் கொதிக்கவைத்ததில் கோடெல்லாம் அழிந்துகொண்டு வருகிறது. எது மூன்று, எது ஐந்து என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் யார்? கோடு முழுக்கப் போவதற்குள் ஒரு வேலை செய்தேன். மருந்துப் பாட்டிலோடு வந்த பில்லரை, சொட்டு விடுகிற குழாயை, எடுத்து, சிரிஞ்சுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன். மூன்று முறை. மூன்று முறையும் ஒரு மில்லிக்குச் சரியாக இருபது சொட்டு. அப்படியென்றால் பாயிண்ட் ஐந்து பத்துச் சொட்டு. பில்லருக்குச் சிவப்பு நூல் கட்டிவைத்தேன்.

இவர் பார்த்துவிட்டு, "ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தலயா?" என்றார். கிண்டல். ஆனால் வாசலில் யாரிடமோ, "எங்கூட்டுல சொட்டக்கூட எண்ணித்தான் ஊத்துவாங்க" என்று பெருமையடித்தது எனக்குக் கேட்டது.

மார்ச் 18

இரும்பு மருந்து தீர்ந்தது. இவர் தர்பூசணி லோடு இறக்கிவிட்டு வரும்போது திண்டிவனத்தில் மருந்துக்கடையில் வாங்கிவந்தார். பழைய மருந்து அங்கே இல்லையாம். "இதுவும் இரும்பு டிராப்ஸ்தான், கொழந்தைக்குத்தான்" என்றார்களாம். அட்டையில் கொழுக்கென்று ஒரு குழந்தை சிரிக்கிறது. இதன் பில்லர் பெரிதாக இருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். சிவப்பு நூல் பில்லர் இருக்கும்போது எனக்கென்ன?

மார்ச் 19

ஃபர்ஹானா போன் செய்தாள். அவள் மகனும் வீட்டுக்கு வந்துவிட்டான். கலீல் ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். இங்கே கொடுத்ததில் தினம் ஒரு மில்லி ஊற்றச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, ஒரு மில்லி உறிஞ்சி வாய் கிட்ட கொண்டுபோயிட்டேன். அப்ப ஒங்க நெனப்பு வந்துச்சு, சொம்பு ஒண்ணு, சத்து ஒண்ணான்னு. அட்டையப் படிச்சேன். அதுல ஒரே ஒரு சொட்டுல அம்புட்டும் இருக்காம்! ஒரு மில்லி குடுத்திருந்தா இருவது முப்பது நாளு மருந்து ஒரே வாயில போயிருக்கும். ஒங்களுக்கு அல்லா நல்லது செய்வான்க்கா."

நோன்பு நேரத்தில் வாயார வாழ்த்தினாள். இன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை. ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது! இவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, "தெரியும் டெஸ்டர் மேடம்" என்றார்.

மார்ச் 21

பால் கக்குகிறாள். வெயில் காரணமாக இருக்கும்.

மார்ச் 22

காலையிலிருந்து நாலு முறை. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு நாளாக வயிறு போகவில்லை. தொட்டால் கல்லு மாதிரி இருக்கிறது. என்ன சாப்பிட்டேன் நான்? மல்லாட்டையா? மாங்காயா? மருந்துதான் ஒழுங்காகப் போகிறதே — பத்துச் சொட்டு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

நாளைக்குச் சரியாகாவிட்டால் விழுப்புரம் போய்விட வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு, மாலை. மறுபடி ஆறாம் நம்பர் கட்டில்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் கிளம்பத் துணியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். குப்பம்மாள் அக்கா எட்டிப் பார்த்தாள். பாப்பாவைத் தூக்கினதும் அவள் தோளில் கக்கினாள். நான் துடைக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டுத் தோளையே பார்த்தாள். மருந்து கொடுத்து அரைமணிதான் ஆகியிருந்தது.

"இன்னாடி இது, வெல்லப்பாகாட்டம் கீது? அன்னிக்கு டீத்தண்ணியா இருந்துச்சே."

"அதே மருந்துதான்க்கா. வேற கம்பெனி."

"எங்க காட்டு."

புதுப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். அலமாரியில் பழைய பாட்டிலும் இருந்தது, அடியில் நாலு சொட்டோடு. அதையும் எடுத்துச் சாய்த்தாள். ஒன்று ஓடியது. மற்றது நகர்ந்தது.

"ஏ வாணி. இருவது வருசமா பால்ல தண்ணி ஊத்துறவ சொல்றேன், கேட்டுக்கோ. இது தண்ணி கலந்த சரக்கு, இது கலக்காத சரக்கு. ரெண்டையும் ஒரே அளவா ஊத்துனா எப்பிடிடி?"

பாட்டிலைப் பிடுங்கிப் படித்தேன். பழையது, ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம். புதுசு — ஐம்பது.

ஐம்பது. அஞ்சு மடங்கு. அஞ்சு நாளா. எங்கையால. நானே எண்ணி எண்ணி ஊத்தினேனே. ஊருக்கெல்லாம் சொன்னவ நானு. அந்தக் கோட்டக்குப்பத்துப் பொண்ணு படிச்சிப் பாத்துச்சே, எனக்கு இன்னா கேடு? அளவு, அளவுன்னு அளவையே பாத்துக்கினு இருந்தேன். சொசைட்டில ஒருத்தரு பாலயும் மீட்டர் உடாம வாங்குனதில்லயே. எம்புள்ள வாயில ஊத்துறத எப்பிடி உட்டேன்?

அக்காதான் என்னைப் பிடித்து உலுக்கினாள். "ஒப்பாரிய அப்பறம் வச்சிக்கோ. ஜல்தி போன போடு."

ஜெசிந்தா மேடம் நம்பர் டைரியில் இருந்தது. ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நிறுத்து. இனிமே ஒரு சொட்டு குடுக்காத. கொழந்த முழிச்சிக்கினு கீதா? கையக்கால ஆட்டுதா? சரி. ரெண்டு பாட்டிலையும் அந்தப் பில்லரையும் எடுத்துக்கினு ஒடனே வா. நான் டாக்டராண்ட சொல்லிடறேன்."

இவர் வண்டியில் பாதி தர்பூசணி இருந்தது. இறக்கக்கூட இல்லை. வழியெல்லாம் பழம் உருள்கிற சத்தம். அக்காவும் கூட வந்தாள், தோளில் கறையோடு. "எம் மாட்ட யாரு கறப்பாங்கன்னு கேக்காத. அது ஒரு வேள சும்மா கெடக்கட்டும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் கவிதா வயிற்றை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார். "குடலுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கெட்டியான மருந்து, இவ்ளோ சின்ன வயித்துக்குத் தாங்கல, எரிஞ்சிருக்கு. ரத்தத்துல எவ்ளோ ஏறியிருக்குன்னு நாளைக்குத் தெரியும்" என்றார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. தூங்குகிறாள். நான் அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 24

ஆபத்தில்லை! இரும்பு ஏறியிருக்கிறது, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தானாக இறங்கிவிடும். இன்னும் பத்து நாள் கழித்துச் சோதனை, அதுவரை இரும்பே வேண்டாம். காலை பத்தரை மணிக்கு வயிறும் போயிற்று. கரியாட்டம் கறுப்பு. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்குக் கும்பிடு போட்டார்.

இப்போது திட்டு. ஜெசிந்தா மேடம் நேற்று பாக்கி வைத்ததை இன்று வட்டியோடு தீர்த்தார்.

"பில்லர்ல நூலு வேற! கெட்டி மருந்துக்கு சொட்டும் வேற சைசுல வுழும்னு தெரியாதா? கோடு அழிஞ்சா புது சிரிஞ்சு கேளேன், நான் இன்னா தங்கத்துலயா வச்சிருக்கேன்?" தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திடீரென்று குரல் இறங்கியது. "ஒனக்கு நான் சொல்லவே வேணாம்னு அன்னிக்கு சொன்னேன் பாரு, எம் வாயில போட்டுக்கணும். தெரிஞ்சவங்களாண்டதான் ரெண்டு தடவ சொல்லணும்."

அழுதுவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மாட்டைக் கறந்துவிட்டு மறுபடி வந்து, வாசலில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்த குப்பம்மாள் அக்காவைக் காட்டினேன். தண்ணீர் ஊற்றுகிற கதையையும் சொன்னேன். மேடம் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"கலர வச்சி நம்பக் கூடாதும்மா" என்று அக்காவிடமும் ஒரு பாடம் நடத்தினார். "சிலது டீத்தண்ணியாட்டம் இருக்கும், உள்ள சத்து நெறைய இருக்கும். அட்டையதான் படிக்கணும்."

"எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா சாய்ச்சிப் பாக்குறேன்?" என்றாள் அக்கா.



மார்ச் 26

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்குப்படி இவள் பிறந்திருக்க வேண்டிய நாளே இன்றுதான். புது சிரிஞ்சு பத்து கொடுத்தார் ஜெசிந்தா மேடம். அவருடைய சிவப்பு மார்க்கரையும் கொடுத்தார். பாட்டிலில் பெரிதாக எழுதச் சொன்னார், ஒரு மில்லியில் எத்தனை என்று. பில்லரை அவரே எடுத்துக்கொண்டார். சிவப்பு நூலோடு மருந்தக ஜன்னலில் தொங்கவிடப் போகிறாராம், வருகிற அம்மாக்களுக்குக் காட்ட. மானம் கப்பலேறிவிட்டது. ஏறட்டும்.

மார்ச் 31

ரம்ஜான். இவர் புதுச்சேரிக்குப் பழம் ஏற்றிக்கொண்டு போனவர், வரும்போது கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு தூக்குப் பிரியாணியோடு வந்தார். ஃபர்ஹானா கொடுத்தனுப்பியது.

அவளுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னை வாழ்த்தின அன்றும் நான் ஐந்து மடங்கு ஊற்றினேன் என்று. கெட்டபெயர் வாங்கினோம் என்று நினைத்தேன்.

"அக்கா, அப்ப நான் படிச்சதுல தப்பில்லியே?" என்றாள்.

"இல்லடி. நீதான் சரியா செஞ்ச."

"நீங்க சொல்லிக்குடுத்தது சரிதான். அத நீங்களே கேக்கலை, அவ்ளோதான். எங்க வூட்டுல இவுரு அப்பிடித்தான், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவாரு." பின்னால் ஷார்ஜா வீடியோவில் கலீல் கத்துவது கேட்டது. சிரித்துச் சிரித்துப் பிரியாணி ஆறிப்போனது.

ஏப்ரல் 4

ரத்தம் சரியாகிவிட்டது. இரண்டு கிலோ அறுநூற்று அறுபது. இரும்பு மறுபடி ஆரம்பம். பழைய மருந்தே. அட்டையை இவர் ஒருமுறை படித்தார், நான் ஒருமுறை. குப்பம்மாள் அக்கா சாய்த்துப் பார்த்தாள்.

ஏப்ரல் 30

பெயர் வைத்தோம். நிறைமதி. குப்பம்மாள் அக்கா இன்னமும் இவர் மாதிரியே லிட்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஜூன் 16, திங்கள்

இன்று வேலைக்குப் போனேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டுதான். நான் இல்லாத ஐந்து மாதமும் செக்ரட்டரி பெரியதம்பி அண்ணனே டெஸ்ட் பார்த்திருக்கிறார். யார் பாலும் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லையாம். ஊரே அவரைத் தெய்வம் என்கிறது. பால் தண்ணியாக வருகிறதென்று மேலே இருந்து இரண்டுமுறை நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வரிசையில் இரண்டு பேர் சொம்பை மறைத்துக்கொண்டு நழுவினார்கள்.

குப்பம்மாள் அக்கா நழுவவில்லை. சொம்பை டொக்கென்று முன்னால் வைத்தாள். என் கை லாக்டோமீட்டரைத் தொடத் தயங்கியது. நிஜம். அந்தத் தோளும், கறையும், வண்டியில் உருண்ட பழமும் ஞாபகம் வந்தன. விட்டுவிடலாமா? ஒரு தடவை?

விட்டேன், மீட்டரை. இருபத்து மூன்று.

நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"இன்னா மூஞ்சியப் பாக்குற? மீட்டரப் பாத்து எழுது. ஒருக்கா பாக்காம உட்டு பட்ட பேஜாரு போதாதா?"

எழுதினேன். "நாளைக்கு இருவத்தெட்டு வருது பாரு" என்றாள். வரும் என்று நான் நம்பவில்லை. பிறகு முந்தானையை அவிழ்த்து இரண்டு மருந்துப் பாட்டிலை எடுத்தாள். ஒன்று அவள் தங்கச்சி பேரனுடையது, இன்னொன்று மேலத்தெரு அம்மணி வீட்டுக் குழந்தையுடையது. "இதுங்களுக்கு டிகிரி பாத்து சொல்லு." படித்து, சிவப்பு மார்க்கரால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒன்று இந்த முறை வேறு கம்பெனி மருந்தாக மாறியிருந்தது. டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறேன், ஜெசிந்தா மேடத்திடம் பேச வேண்டும்.

வரிசை முடிந்ததும் பெரியதம்பி அண்ணன் தராசைத் துடைத்து, மேலே ஒரு துண்டை விரித்தார். நிறைமதியைப் படுக்கவைத்தோம். கேன் வைக்கிற இடத்தில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். "ஆட்டாத கண்ணு, நம்பரு நிக்கட்டும்" என்று எல்லோரும் கெஞ்சினார்கள்.

"நாலு கிலோ அறநூத்தி நாப்பது!"

யாரோ கேனைத் தட்டினார்கள். குப்பம்மாள் அக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து நம்பரை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் தராசின் நம்பர் தெரியும் அவளுக்கு.

"தண்ணி கலக்காத எடையா?"

"கலக்காததுக்கா."

"அப்ப எழுது."

எழுதிவிட்டேன்.